நேர்காணலுக்கு நேரில்தான் போக வேண்டுமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அதில் ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர், சென்னையில் இருப்பவர், நேர்காணலுக்குத் திருவான்மியூரில் ஒரு காபிக் கடைக்கு வரச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறார். நாங்கள் இருப்பது எண்ணூரில். அவளுக்குக் காலில் மாவுக்கட்டு, மழை வேறு விட்டபாடில்லை. வீடியோவில் பேசலாமா என்று கேட்டால் ஆர்வம் இல்லாத பெண் என்று நினைத்துவிடுவாரோ? நானே அவருக்கு போன் செய்து பேசட்டுமா?
- ஒரு தந்தை, எண்ணூர்

பதில்: வீடியோவில் பேசலாமா என்று தாராளமாகக் கேட்கலாம், ஆனால் கேட்க வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் மகள். கட்டுப் போட்ட காலோடு ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய், வழியில் எங்காவது சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று, வலியும் பதற்றமுமாக அவள் போய் உட்காருவதால் யாருக்கும் லாபம் இல்லை.

நேர்காணல் செய்பவர் சம்பளம் வாங்கும் அதிகாரி இல்லை, தான் படித்த கல்லூரிக்காகத் தன் நேரத்தைக் கொடுப்பவர். பெரும்பாலும் அவர் கையில் மதிப்பெண்ணோ கட்டுரையோ இருக்காது. அவளோடு பேசியதை வைத்துக் கல்லூரிக்கு ஓர் அறிக்கை எழுதுவார், அவ்வளவுதான். அதற்கு வேண்டியது நல்ல பேச்சு. 2020 கொரோனாவுக்குப் பிறகு வீடியோ நேர்காணல் சர்வசாதாரணமாகிவிட்டது, அதனால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மெயில் நாலு வரி போதும், ஆங்கிலத்தில், அவள் நடையில்: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, கால் எலும்பு முறிந்திருப்பதால் இப்போது பயணம் செய்ய முடியவில்லை, வீடியோவில் பேச முடியுமா, சனி ஞாயிறு எந்த நேரமும் மற்ற நாட்களில் மாலை ஐந்துக்கு மேலும் எனக்கு வசதி. டாக்டர் சர்டிஃபிகேட் எதுவும் இணைக்க வேண்டாம். அவருக்கு வீடியோ சரிப்படவில்லை என்றால் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு அவளே எழுதிக் கேட்கட்டும். எப்படியும் அமையவில்லை என்றாலும் மனதைத் தளரவிடாதீர்கள், மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. போன்ற இடங்களே நேர்காணல் கிடைக்காததால் விண்ணப்பத்துக்குப் பாதகம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கின்றன.

சில பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலேயே இருக்கும் ஒருவர் அமைவார். குளிர்காலத்தில் நியூயார்க் நேரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், அதாவது இங்கே இரவு ஏழரை என்றால் அங்கே காலை ஒன்பது. இரண்டு ஊர் நேரத்தையும் மெயிலில் எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

அப்புறம், அன்றைக்கு வீட்டில் கரண்ட் போகலாம். வைஃபையை மட்டும் நம்பாமல் போனில் டேட்டாவும் முழு சார்ஜும் இருக்கட்டும், அவருடைய போன் நம்பரை முன்கூட்டியே வாங்கி வைத்தால் லைன் அறுந்தாலும் பேச்சைத் தொடரலாம். காலை நீட்டிக்கொள்ள மேஜைக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுங்கள்.

போட்டுவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கேமராவுக்குப் பின்னால் நின்று சைகை காட்டும் பெற்றோரைப் பார்த்துப் பார்த்துப் பேசும் பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று எதிரில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும். அவள் தடுமாறினால் தடுமாறட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று அவளே சொல்லிக்கொள்வாள். பேசி முடித்த அன்று இரவே இரண்டு வரியில் நன்றி மெயில் போடச் சொல்லுங்கள்.