‘டினையல்’ என்பதற்கு ‘மறுப்பு’ என்ற சொல் போதுமா?

‘டினையல்’ (denial) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மறுப்பு என்று அகராதி சொல்கிறது. ஆனால் ‘அப்பா டினையலில் இருக்கிறார்’ என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்களே, அங்கே அவர் யாரிடம், எதை மறுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். சொற்பொருள் மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் இப்படிக் கேட்கமாட்டார். உங்கள் வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியாகியிருக்கிறது, அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். என் ஊகம் தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மனநல மருத்துவர் அல்லேன். காரைக்குடிப் பக்கத்துப் பள்ளியொன்றில் 31 ஆண்டுகள் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்த ஒரு சொல்லால் என் குடும்பம் பட்ட பாடு பெரிது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வழக்கைப் பார்ப்போம். நாளிதழில் ‘ஜாமீன் மறுப்பு’ என்று ஒரு தலைப்பும், ‘அமைச்சர் மறுப்பு’ என்று இன்னொரு தலைப்பும் ஒரே பக்கத்தில் வரும். முதலாவதில் கேட்டது கொடுக்கப்படவில்லை. இரண்டாவதில் சொல்லப்பட்டது உண்மையன்று என்கிறார்கள். பேச்சில் நாம் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. கொடுக்க மனமில்லாதபோது ‘மாட்டேன்’ என்றும், நடக்காததை ‘இல்லை’ என்றும், வேறொன்றாக இருப்பதை ‘அல்ல’ என்றும், நமக்கு வருவதைத் தள்ளும்போது ‘வேண்டாம்’ என்றும் பிரித்தே சொல்கிறோம். கணினித் திரையில் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வருவது முதல் வகை. விவிலியத் தமிழில் பேதுரு, சேவல் கூவுமுன் மூன்று முறை இயேசுவை ‘மறுதலித்தார்’ என்று வருவது இரண்டாம் வகை. ஆனால் பேதுருவுக்கு உண்மை தெரியும், அச்சத்தால் சொன்னார்.

நீதிமன்றத்தில் இச்சொல்லுக்கு இன்னும் கறாரான பொருள் உண்டு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் எட்டாம் கட்டளையின்படி, பிராதில், அதாவது வழக்குத் தொடுத்தவரின் மனுவில், சொல்லப்பட்ட ஒவ்வொரு சங்கதியையும் பிரதிவாதி தனித்தனியே, மழுப்பாமல் மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்டது ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். எங்கள் வளவு வீட்டில் பங்காளிகளுக்குள் பங்கு வழக்கு நடந்தபோது, வக்கீல் பத்தி பத்தியாக ‘மறுக்கப்படுகிறது’ என்று எழுதியதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்குள் இருக்கும் வழக்கமோ நேர்மாறானது. அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) பதில் சொல்லாமல் பட்டாலை என்னும் கூடத்திலிருந்து எழுந்து போனால், மறுக்கிறார் என்றே பொருள்.

அப்பச்சிக்குச் சர்க்கரை நோய் இருப்பது 2011இல் ஓர் இலவச முகாமில் தெரிந்தது. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலே சர்க்கரை நோய் என்பார்கள். அவருக்கு 214 இருந்தது. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், வீட்டுக்கு வந்ததும் ‘மிஷின் சரியில்லை’ என்றார். அன்றிலிருந்து எட்டு ஆண்டுகள் அவர் சொன்ன பதில்களை நான் வகுப்பில் நடத்திய பாடத்தைக்கொண்டுதான் புரிந்துகொள்ள முடிந்தது. நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இவற்றுள் ‘மறை’ என்பதே நேரான மறுப்பு. மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டால், ‘சாப்பிடவில்லை’ என்ற அந்த மறை விடையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ‘நீ போய் உன் பிள்ளைகளைப் பாரு’ என்பார், அது ஏவல். ‘எனக்கு எதுக்காத்தா மாத்திரை?’ என்பார், அது வினா எதிர் வினாதல். வயிறு சரியில்லை என்பது உற்றது உரைத்தல், சாப்பிட்டால் தலை சுற்றும் என்பது உறுவது கூறல், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன் என்பது இனமொழி. கடைசி ஐந்தும் கேட்ட கேள்விக்கு நேராக நில்லாவிட்டாலும் பொருளைத் தந்துவிடுவதால் அவையும் விடைகளே என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. இவை ஐந்தையும் ஒரே வாரத்தில் கேட்டுவிட்டேன். நீங்கள் கேட்ட ‘டினையலில் இருத்தல்’ என்பது இதுதான்: ‘இல்லை’ என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போவதன்று, அந்தக் கேள்வி தன்னைத் தொடாதபடி ஒவ்வொரு நாளையும் நடத்திச் செல்வது.

உளவியலார் இதை மனத்தின் தற்காப்பு என்கிறார்கள். சிக்மண்ட் பிராய்டும், 1936இல் அவர் மகள் அன்னா பிராய்டும் இதைப் பற்றி எழுதினார்கள். 1969இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி, மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகளைச் சொன்னார். மறுப்பு முதல் நிலையாக இருப்பதால் அது விரைவில் கடந்துவிடும் என்று படித்தவர்கள் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். எல்லோரும் இந்த நிலைகளை வரிசையாகக் கடப்பதில்லை.

2019 சித்திரை வெயிலில் அப்பச்சி பிள்ளையார்பட்டிக்குப் போய், உச்சிப்பொழுதில் வெறுங்காலுடன் கல்தரையில் நடந்து திரும்பினார். இரவில் ஆத்தாதான், என் அம்மாதான், பார்த்தார்கள்; இரண்டு உள்ளங்காலும் கொப்புளித்திருந்தன. ‘ஒண்ணுமில்லாத்தா, வலியே இல்லை’ என்றார் அப்பச்சி. இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் சொன்னது உண்மை. சர்க்கரை நெடுநாள் கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்புகள் கெடும், அது பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும். சுட்டாலும் குத்தினாலும் தெரியாது. வலி இல்லை என்ற உண்மையான ‘இல்லை’யைக் காட்டி, நோய் இல்லை என்ற பொய்யான ‘இல்லை’யை அவர் நிறுவிக்கொண்டார். அவர் உடம்பே அவர் பக்கம் சாட்சி சொன்னது. மூன்று வாரத்தில் வலது காலில் இரண்டு விரல்களை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்து வந்த மறுப்பு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தது. 2016இல் தம்பி எடுத்த மருத்துவக் காப்பீட்டுக்கு, முகவர் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் படிவத்தை நிரப்பினார். ‘சுகர், பிரஷர் ஒண்ணும் இல்லையே ஐயா?’ என்று கேட்டார். ‘இல்லை’ என்றார் அப்பச்சி. கேள்வியே பதிலைக் கையில் கொடுத்துவிட்டது. 2,40,000 ரூபாய்க்கான எங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. முன்பே இருந்த நோயை அவர் மறைத்துவிட்டார் என்று நிறுவனத்தின் கடிதம் காரணம் சொன்னது.

படிவத்தில் தவறாகச் சொல்லிவிட்டு நிறுவனத்தைக் குறை சொல்வதா என்று சிலர் கேட்பார்கள். பணத்துக்காக நான் வாதாடவில்லை. படிவத்தில் இருந்த பதில் உண்மையன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன், தம்பியோ நானோ அருகில் நின்று திருத்தாதது எங்கள் குற்றம். என்னை வருத்தியது ‘மறைத்துவிட்டார்’ என்ற சொல். மறைப்பவனுக்குத் தான் மறைக்கும் பொருள் இருக்கும் இடம் தெரியும். அப்பச்சி அந்த முகாம் சீட்டை எங்களிடமிருந்து ஒளித்து வைக்கவில்லை. தம் பெட்டியில், எல்லார் கையும் படும் இடத்தில், பத்திரங்களோடு வைத்திருந்தார். அவர் மறைக்கவில்லை, மறுத்தார். இலக்கணத்தில் ‘மறை’ என்பது எதிர்மறையையும் குறிக்கும், பேச்சில் ஒளிப்பதையும் குறிக்கும் என்பதால் இவ்விரண்டும் ஒன்றென்று ஆகிவிடாது. காப்பீட்டுச் சட்டத்துக்கு இந்த வேறுபாடு தேவைப்படாமல் இருக்கலாம். வாங்கிய கடனைத் தவறாமல் அடைப்பவர் என்று பெயரெடுத்த 74 வயது மனிதர், அந்தக் கடிதத்தைத் தம்பி தமிழில் சொல்லக் கேட்டுவிட்டு இரண்டு நாள் முகப்புக்கு வரவில்லை.

உங்கள் வீட்டிலும் படிவம் இருக்கும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நோய் பற்றிய கேள்விகளுக்கு நீங்களே மருத்துவச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் புகார் செய்யலாம், கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 2024இல் வந்த விதிப்படி, மருத்துவக் காப்பீட்டைத் தொடர்ந்து 60 மாதங்கள் கட்டியிருந்தால், மோசடி நிறுவப்பட்டாலன்றி, நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தால் மறுக்க முடியாது.

தமிழ்ச்சொல் கேட்டீர்கள். தனிச்சொல்லுக்கு ‘மறுப்பு’ போதும். ‘டினையலில் இருக்கிறார்’ என்பதற்கு ‘ஏற்க மறுக்கிறார்’ என்று வினையாகச் சொல்வதையே நான் விரும்புகிறேன், அது ஒவ்வொரு நாளும் அவர் செய்யும் செயல் என்பதால். நோயாளியின் முகத்துக்கு நேரே மட்டும் இரண்டையுமே சொல்லாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன், அதற்கும் அவர் மறுப்பே சொன்னார்.

சென்ற மாதம் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். படிவம் எழுதிய பெண், ‘சுகர் இருக்கா ஐயா?’ என்று கேட்டாள். அப்பச்சி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளிடம், ‘இருக்குன்னுதான் சொல்றாக’ என்றார். அவள் ‘ஆம்’ என்று எழுதிக்கொண்டாள்.