பெரிய கல்லூரியா, களத்தில் இடமா?

சார், மகன் அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன், எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்கிறீர்கள். ஒரு பக்கம் பேர்போன கல்லூரி, இன்னொரு பக்கம் முதல் வருடமே ஆடவிடுவதாகச் சொல்லும் சின்னக் கல்லூரி. முன்வரிசையில் மோதித் தடுக்கும் லைன்மேனாக இருந்தால் பெரிய இடத்துக்கே போகச் சொல்வேன். இரண்டு வருடம் உடம்பை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் குவார்ட்டர்பேக்குக்குக் களத்தில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ, பேர்போன ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எல்எஸ்யுவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மாறி, 2019இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதே வாங்கினார். இன்னொரு குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன், அவ்வளவு பேர்போகாத வயோமிங் பல்கலைக்கழகத்தில் ஆடியே, தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டில் 7ஆவது ஆளாகப் போனார்.

பயிற்சியாளரின் வாக்கை மட்டும் நம்பாதீர்கள், அடுத்த வருடம் அவரே வேறு கல்லூரியில் இருக்கலாம். ரோஸ்டரை, அதாவது அணியின் ஆட்டக்காரர் பட்டியலை, திறந்து பாருங்கள். பையனுக்கு முன்னால் எத்தனை குவார்ட்டர்பேக், எந்தெந்த வருடம் படிக்கிறார்கள்? இரண்டு கல்லூரியின் கணக்கையும் எனக்கு எழுதுங்கள், பார்ப்போம்.