லண்டன் பனிப்புகையும் சுகாதார ஆய்வாளர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1952-ஆம் ஆண்டு லண்டனை மூடிய பனிப்புகையை, அதாவது மூடுபனியும் கரிப்புகையும் கலந்த நச்சுக்காற்றைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஊருக்கு ஊர் சுகாதார ஆய்வாளர்களை வைத்து, அடைத்துக்கொண்ட சாக்கடை முதல் கெட்டுப்போன இறைச்சி வரை தேடிப் பிடித்த நாடு பிரிட்டன். அங்கே ஏறத்தாழ 4,000 பேர் இறக்கும்வரை புகையை ஏன் ஒருவரும் தடுக்கவில்லை? ஆய்வாளர்கள் கடமை தவறினார்களா? 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தோடு சிக்கல் தீர்ந்துவிட்டதா?

இளங்கோ

அன்புள்ள இளங்கோ,

ஆய்வாளர்கள் கடமை தவறியதாக நான் கருதவில்லை. அவர்கள் கையில் இருந்த சட்டமே அவர்களை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தது.

1936-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், உடல்நலத்துக்குக் கேடு செய்பவை தன் எல்லைக்குள் உண்டா என்று அவ்வப்போது தேடிப் பார்ப்பதை உள்ளாட்சி மன்றத்தின் கடமையாகவே விதித்திருந்தது. ஈரம் ஊறிய சுவர், குவிந்து கிடக்கும் கழிவு, அசுத்தமாக வளர்க்கப்படும் கால்நடை என எதுவானாலும் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். பெரும்பாலும் முதலில் சொல்லிப் பார்ப்பார். அசையாதவருக்கு மன்றத்தின் நோட்டீஸ் போகும். அதையும் மதிக்காதவர் மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டிவரும். மன்றமே பாராமுகமாக இருந்தால் பாதிக்கப்பட்டவர் நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம் என்றது 99-ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பிரிவு அது.

ஆனால் புகை விஷயத்தில் இதே சட்டம் தயங்கியது. ஆலை முதலாளி, தன்னால் இயன்ற வழிகளையெல்லாம் கையாண்டுவிட்டதாகச் சொல்லி வழக்கிலிருந்து தப்ப இடமிருந்தது. வீட்டுப் புகைபோக்கியையோ புகைத்தொல்லை என்ற கணக்கிலேயே சட்டம் சேர்க்கவில்லை. குடும்பம் கூடி உட்காரும் கரியடுப்பின்மீது கைவைக்க எந்த அரசும் துணியவில்லை என்பதே இதன் உண்மைக் காரணம் என்று நினைக்கிறேன். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் காற்று அசையாமல் நின்று, குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக் காற்று மூடிபோல் படிந்திருந்தபோது, குளிருக்கு அஞ்சிய வீடுகள் இன்னும் அதிகமாகக் கரியை எரித்தன. நல்ல நிலக்கரி அந்நியச் செலாவணிக்காக ஏற்றுமதியாகிக்கொண்டிருக்க, வீடுகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மட்டமான கரி. இதை ஆராய அரசு பின்னர் அமைத்த ஹியூ பீவர் குழு, நாட்டின் புகையில் ஏறத்தாழ பாதி வீட்டு அடுப்புகளிலிருந்தே வருகிறது என்று கண்டது. அந்தப் பாதியை அதுவரை எந்த ஆய்வாளராலும் தொட முடியவில்லை.

1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் ஆய்வாளருக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தது. ரிங்கல்மன் அட்டை எனப்படும் அது, வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளால் கட்டம் கட்டமாகப் பின்னிய படம்; எண் கூடக் கூடக் கருமையும் கூடும். சற்றுத் தொலைவில் வைத்துப் பார்த்தால் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகத் தெரியும். தெருவில் நின்று, அந்த நிறத்தைப் புகைபோக்கியின் வாயில் எழும் புகையோடு ஒப்பிட்டு, இரண்டாம் எண் நிறமோ அதைவிடக் கறுப்போ எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று ஆய்வாளர் குறித்துக்கொள்வார். 1958-இல் வந்த விதிகளின்படி, ஒற்றை உலை கொண்ட புகைபோக்கிக்கு எட்டு மணி நேரத்தில் பொதுவாகப் பத்து நிமிடமே சலுகை. கரும்புகை வெளிவந்ததே இப்போது குற்றமானதால், அதனால் எவருக்குத் தொல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை நீங்கியது.

வீடுகளுக்குப் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்ற ஏற்பாடு வந்தது; அந்தப் பகுதியில் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வரக்கூடாது. மன்றம் பகுதியை அறிவிக்க, அமைச்சர் உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து, எந்த அடுப்பை மாற்ற வேண்டும், என்ன செலவாகும் என்று கணக்கெடுத்தாக வேண்டும். தகுதியுள்ள மாற்றச் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணம் ஏற்றது. தண்டனையை மட்டும் காட்டியிருந்தால் ஏழை வீடுகள் வெறுப்போடு குளிரில் வாடியிருக்கும். ஆகவே இந்தச் சட்டத்தின் உயிர் அந்த மானியத்தில்தான் இருந்தது என்பேன்.

சிக்கல் உடனே தீரவில்லை. பகுதிகளை அறிவிப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் மன்றங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது. சுரங்கத் தொழிலாளருக்குச் சலுகைக் கரி கிடைத்த ஊர்களில் வேலை மிகவும் மெதுவாக நடந்தது. கரி எரியும்போது எழும் நச்சு வாயுவான கந்தக டை ஆக்சைடைச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை. 1962 டிசம்பரில் லண்டனில் மீண்டும் பனிப்புகை சூழ்ந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1968-இல் சட்டத்தை விரிவுபடுத்தி, பகுதிகளை அறிவிக்குமாறு மன்றங்களுக்கு ஆணையிடும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தார்கள்.