கேமரா சரியில்லை என்று வீடியோ காலைத் தவிர்த்தால்

ஆன்லைனில் பழகும் ஒருவர் படத்தில் இருப்பவர்தானா என்று தெரிந்துகொள்ள அடையாள அட்டை கேட்காதீர்கள், ஐந்து நிமிட வீடியோ கால் கேளுங்கள். அட்டைப் படத்தைப் போலியாகச் செய்வது சுலபம். உண்மையான ஆளாக இருந்தால் அவருடைய விவரம்தான் வீணாக வெளியே போகும்.

இரண்டு மாதமாக ஒவ்வொரு தடவையும் "கேமரா சரியில்லை" என்றால், படம் வேறொருவருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கூச்சமாகவும் இருக்கலாம். அதனால் குற்றம் சாட்டாமல், "நேரில் பார்ப்பதற்கு முன் எல்லாரிடமும் கேட்பதுதான், நானும் முகம் காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள்.

பேசும்போது தலையை நன்றாகப் பக்கவாட்டில் திருப்பி, விரல்களை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகச் சொல்லிப் பாருங்கள். வீடியோவில் வேறொருவர் முகத்தைப் பொருத்திக் காட்டும் முகமாற்று மென்பொருள் என்றால் பெரும்பாலும் தாடை ஓரம் கலங்கும். தேர்ந்த மென்பொருள் இதிலும் தப்பிவிடும்.

அவருடைய புரொஃபைல் படத்தை மட்டும், படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் தேடுங்கள். தனியாக அனுப்பிய படங்களை எங்கும் ஏற்ற வேண்டாம். தேடலில் எதுவும் சிக்கவில்லை என்பது அவர் உண்மையான ஆள் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இதற்கிடையில் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.