பேக்கப் பாதியில் தொங்கினால்: விஎம் கேள்வி பதில்

ஒரே கணினியில் (ஹோஸ்ட்) பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் பற்றித்தான் இன்று. விஎம்வேர், ஹைப்பர்-வி கேள்விகளுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

கே: இரவு பேக்கப் 34 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. ஸ்டாப் கொடுத்தாலும் கேட்கவில்லை, கில் மைனஸ் 9 அடித்தாலும் சாகவில்லை. பேக்கப் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக நாஸுக்கு, அதாவது நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்குப் போகிறது.

உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் பதில். பிஎஸ் கமாண்ட் அடித்து அந்த ப்ராசஸின் நிலையைப் பாருங்கள். 'டி' என்று இருந்தால் அது கர்னலுக்குள் டிஸ்க் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்த நிலையில் கில் சிக்னல் பெரும்பாலும் அதன் காதில் விழாது. என்எஃப்எஸ் இயல்பாகவே 'ஹார்ட்' மவுண்ட். நாஸ் பதில் சொல்லும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கமாண்ட் அடித்தால் அதுவும் தொங்கும். வெப் திரையில் விஎம்களுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் கேள்விக்குறி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

செய்ய வேண்டியது நாஸை மீட்பது: நெட்வொர்க், டிஸ்க், இடம். அது திரும்பி வந்தால் பெரும்பாலும் ப்ராசஸ் தானாக நகரும். ஹோஸ்ட்டை ரீபூட் செய்யும் ஆசையை அடக்குங்கள். எங்கள் அலுவலகத்தில் நான் ஒருமுறை அவசரப்பட்டு ஒன்பது விஎம்களோடு பவரை அணைத்தேன். கடைசியில் பார்த்தால் கோளாறு சுவிட்ச்சில் செருகியிருந்த ஒரு கேபிள்.

கே: பேக்கப் ஓடும்போது விஎம்மே நத்தையாகிவிடுகிறது. பேக்கப் வெறும் வாசிப்புதானே சார்?

இல்லை, அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். பேக்கப் தொடங்கிய பிறகு விஎம் ஒரு பிளாக்கில் எழுத வந்தால், க்யூஎமு (ப்ராக்ஸ்மாக்ஸின் அடியில் விஎம்மை ஓட்டும் மென்பொருள்) முதலில் அந்தப் பழைய பிளாக்கை பேக்கப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுத விடும். பேக்கப் போகும் இடம் மெதுவென்றால் விஎம்மின் எழுத்தும் வரிசையில் நிற்கும். இடம் தொங்கினால் விஎம்மும் தொங்கும். இதற்காகவே 8.2-இல், 2024-இல், ஃப்ளீசிங் வந்தது: பழைய பிளாக்குகள் வேகமான லோக்கல் டிஸ்க்கில் தற்காலிகமாகத் தங்கும். ஆனால் அந்த டிஸ்க்கில் போதிய இடம் இருக்க வேண்டும்.

கே: 'விஎம் இஸ் லாக்டு, பேக்கப்' என்று வருகிறது. என்ன செய்ய?

பேக்கப் டாஸ்க் உண்மையிலேயே ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹோஸ்ட்டில் இந்தக் கமாண்டை அடியுங்கள்: க்யூஎம் அன்லாக், பிறகு விஎம் எண். ஓடும்போது அடிக்காதீர்கள்.

கே: பேக்கப் லாகின் மூன்றாவது வரியில் 'எஃப்எஸ்-ஃப்ரீஸ்' என்று நிற்கிறது. விஎம்முக்குள் இருப்பது சிபேனல் (வெப் ஹோஸ்டிங் நிர்வாக மென்பொருள்).

கெஸ்ட் ஏஜென்ட் (விஎம்முக்குள் ஓடும் உதவி ப்ரோக்ராம்) ஃபைல்சிஸ்டத்தை ஃப்ரீஸ் செய்யப் போய், அதாவது எழுதுவதைச் சற்று நிறுத்தப் போய் மாட்டிக்கொண்டது. சிபேனலில் டெம்ப் ஃபோல்டர் பெரும்பாலும் லூப் மவுண்ட், அதாவது ஒரு கோப்புக்குள்ளேயே இருக்கும் இன்னொரு ஃபைல்சிஸ்டம். அடியில் உள்ள ஃபைல்சிஸ்டம் முதலில் ஃப்ரீஸ் ஆனால் மேலே உள்ளது எழுத இடமில்லாமல் நிற்கும். ஒன்றையொன்று காத்துக்கொண்டு இரண்டும் கிடக்கும். க்யூஎம் கெஸ்ட் சிஎம்டி வழியாக ஃப்ரீஸை விடுவிக்கும் எஃப்எஸ்ஃப்ரீஸ்-தா கமாண்டை அனுப்பிப் பாருங்கள். நிரந்தரத் தீர்வுக்கு, விஎம்மின் ஏஜென்ட் அமைப்பில் பேக்கப்பின்போது ஃப்ரீஸ் செய்யும் தேர்வை அணையுங்கள்.

கே: அப்படியானால் எல்லா விஎம்மிலும் அணைத்துவிடலாமே? பவர் போய் வந்தால் டேட்டாபேஸ் தானே எழுந்துவிடுகிறதே.

அப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொல்ல முடியாது.

கே: ஏன்? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அதற்கென்றே 'வால்' (டபிள்யூஏஎல், மாற்றங்களை முன்கூட்டியே குறிக்கும் பதிவு) எழுதுகிறது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியும் அப்படித்தான்.

சரி, அந்த இரண்டுக்கும் ஒப்புக்கொள்கிறேன். க்யூஎமு எல்லா டிஸ்க்குகளையும் ஒரே கணத்தில் பிடிப்பதால் டேட்டா ஒரு டிஸ்க்கிலும் வால் இன்னொன்றிலும் இருந்தாலும் பொருந்தும். ஆனால் அப்படிப் பதிவு எதுவும் எழுதாத, மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைஐஎஸ்ஏஎம் டேபிள்? ஒரு மணி நேரமாக மெமரியில் மட்டும் கோப்பை வைத்திருக்கும் எவனோ எழுதிய பில்லிங் ப்ரோக்ராம்?

கே: ஃப்ரீஸ் செய்தாலும் மெமரியில் மட்டும் இருப்பது டிஸ்க்குக்கு வராதே!

ஆமாம், பில்லிங் உதாரணம் தப்பு, வாபஸ். ஃப்ரீஸ், கர்னல் கையில் இருப்பதைத்தான் இறக்கும். ப்ரோக்ராம் இன்னும் எழுதாததைக் கொண்டுவர வேண்டுமானால் ஏஜென்ட்டின் ஹூக் ஸ்கிரிப்ட்டில் (ஃப்ரீஸுக்கு முன் ஓடும் சின்ன ப்ரோக்ராம்) அதற்குச் சொல்ல வேண்டும். மைஐஎஸ்ஏஎம்மை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அணையுங்கள், ஆனால் அணைத்த விஎம்மை ஒருமுறை ரீஸ்டோர் செய்து டேட்டாபேஸ் எழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கே: என் விஎம் லாக் ஆகிக் கிடக்கிறது அண்ணா…

மேலே. டாஸ்க் ஓடுகிறதா என்று முதலில்!

கே: விண்டோஸ் விஎம்மில் விஎஸ்எஸ் (பேக்கப்புக்காக விண்டோஸ் டிஸ்க்கின் நிலையைப் பிடிக்கும் சர்வீஸ்) தகராறு.

உள்ளே போய் 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' கமாண்ட் அடியுங்கள். எந்த ரைட்டர் தோற்றதோ அதன் சர்வீஸை ரீஸ்டார்ட்.

கே: ஸ்னாப்ஷாட் இருக்கும்போது பேக்கப் எதற்கு?

ஸ்னாப்ஷாட்டும் விஎம்மும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் இரண்டும் டிஸ்க்கோடு சேர்ந்து போகும்.

கே: அன்லாக் கமாண்ட்…

மேலே.

கே: 34 சதவீதக்காரன் நான்தான். டிஎஃப் தொங்கியது. நாஸின் லாகில் ஒரு டிஸ்க்கில் ரீட் எரர் வரிசையாக வந்திருக்கிறது.

அப்படியானால் இன்றிரவு பேக்கப் ஷெட்யூலை நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கில் இனி ஒரு பைட் எழுத வேண்டாம். நாஸில் இருக்கும் கடைசி நல்ல பேக்கப்பை வேறொரு டிஸ்க்குக்கு முதலில் எடுங்கள். விஎம்களை அதன் பிறகு பார்க்கலாம்.