டாக்டர் சௌந்தரம் நாடாளுமன்றத்தில் கல்விக்காக என்ன செய்தார்?

மதுரை டி.வி.எஸ். குடும்பத்து மகளான டாக்டர் டி.எஸ். சௌந்தரம், 1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று, மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். நாடாளுமன்றத்தில் கல்விக்காக அவர் கேள்விகள் எழுப்பினார், ஆசிரியர்களை நியமித்தார் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அமைச்சரானதால், மற்ற உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு எழுந்து நின்று பதில் சொல்வதே அவர் வேலையாயிற்று. பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஆசிரியர் நியமனத்தையும் அவர் கணக்கில் சேர்ப்பது சரியன்று. கல்வி அப்போது மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்களின் பொறுப்பில் உள்ள துறைகளில், இருந்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம்தான் அதை மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் உரிய பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. அரசுப் பள்ளி ஆசிரியரை நியமித்தது மாநில அரசே.

இளம் வயதிலேயே கணவரை இழந்து, பிறகு மருத்துவம் படித்தவர் அவர். 1947-இல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமம் என்ற கிராமப்புறக் கல்வி, சேவை நிறுவனத்தைத் தொடங்கிவிட்டுத்தான் நாடாளுமன்றத்துக்குப் போனார். திண்டுக்கல் பஸ்ஸில் போகும்போதெல்லாம், அங்கே புத்தகப்பையோடு இறங்கும் பெண்களைப் பார்த்து நெஞ்சு நிறைகிறது எனக்கு.