வேலூர்ப் பக்கம் ஆட்டுப்பட்டிக் காவலுக்குக் கங்கல் நாய் வாங்கலாமா?

பேரணாம்பட்டுப் பக்கம் முப்பது ஆடு வைத்திருக்கிறேன், தெருநாய்த் தொல்லை தாங்கவில்லை, துருக்கிக் கங்கல் இந்த வெயிலைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெயிலை எப்படியோ தாங்கிவிடும். ஊர் நடமாட்டத்தைத் தாங்குமா என்பதுதான் என் சந்தேகம்.

கங்கல் என்பது துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில் உள்ள ஓர் ஊர்; நாய்க்கும் அந்தப் பெயர்தான். அங்கே கோடையில் நல்ல வெயில், குளிர்காலத்தில் உறைபனி. அதனால்தான் இந்த நாய்க்கு இரண்டடுக்கு முடி. மணல் நிற உடம்பு, கரி பூசின மாதிரி மூஞ்சி. ஆண் நாய் ஐம்பது கிலோவைத் தாண்டும். நமீபியாவில் 1994 முதல் இந்த வகை நாய்களை ஆட்டுப் பண்ணைகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். நாய் இருந்தால் சிவிங்கிப்புலி ஆட்டை நெருங்காது, பண்ணைக்காரரும் அதைச் சுட வேண்டியதில்லை. நமீபியாவும் காய்கிற பூமிதான்.

குடியாத்தத்தில் என் மச்சான் ஒன்று வளர்த்தார். ஆட்டை ஓட்டும், மடக்கும் என்று எதிர்பார்த்தார். அது அந்த ஜாதி இல்லை. மந்தையோடு சேர்ந்து படுத்திருக்கும், மேடான இடமாகப் பார்த்து உட்காரும். தெருநாய் வந்தால் துரத்திக்கொண்டு ஓடாது. குறுக்கே போய் நின்று அடித்தொண்டையில் குரைக்கும், அவ்வளவுதான். போகாவிட்டால்தான் சண்டை.

வினை அங்கேதான் வந்தது. கே.வி.குப்பம் சந்தைக்கு நாலு கிடாய் ஏற்றக் குட்டியானை வந்து நின்றது. யாவாரி ஒரு கிடாயின் காதைப் பிடித்தார். நாய் உறுமக்கூட இல்லை, அவருக்கும் வண்டிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது. மச்சான் கூப்பிட்டும் நகரவில்லை. தானே முடிவெடுக்கிற நாய் அது, சொன்னதைச் செய்கிற நாய் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துச் சங்கிலி போட்டுக் கட்டினோம். காட்டில் அது நல்ல குணம். நம் ஊரிலோ மேய்ச்சலே ரோட்டோரமும் ஏரிக்கரையும்தான்; பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே வருவார்கள். ஆளுயர வேலி இல்லாவிட்டால் வேண்டாம்.

வளர்ப்பதென்றால் முடியை மட்டும் மழித்துவிடாதீர்கள், வெயில் நேராகத் தோலைச் சுடும், வாரிவிட்டால் போதும். அக்கினி நட்சத்திரத்தில் மச்சானின் நாய் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஈர மண்ணைத் தோண்டிப் பகலெல்லாம் வயிற்றை அதில் அழுத்திக் கிடக்கும். பொழுது சாய்ந்துதான் சோறு. குட்டியைக் கொழுக்க வைக்காதீர்கள், கால்சியம் மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சீக்கிரம் எடை ஏறினால் இடுப்பு மூட்டு கெடும். மழைக்குப் பின் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள், உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் ஆளே மாறிவிடும். வெறிநாய்த் தடுப்பூசி வருடம் தவறக் கூடாது.

இன்னொன்று: 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியதில் கங்கலும் இருந்தது. அதன்மேல் நீதிமன்ற வழக்குகளும் வந்தன. முன்பணம் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் இன்றைய நிலையைக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், தெருநாய்க்கு இத்தனை பெரிய ஆள் தேவையில்லை. எட்டு வார வயதில் நல்ல நாட்டு நாய்க்குட்டி ஒன்றைப் பட்டிக்குள்ளேயே விடுங்கள். நாலு மாதம் வரை ஆட்டு வாடையிலேயே வளரட்டும், வீட்டுத் திண்ணைக்குப் பழக்காதீர்கள். என்னிடம் இருப்பது அப்படி வளர்ந்ததுதான். களியும் மோரும்தான் சாப்பாடு. ஆட்டுக்குட்டிகள் அதன் முதுகில் ஏறித்தான் வேப்பந்தழை எட்டுகின்றன.